கடிகாரத்தில் இருந்த ஊர்

மகள் யீ மோனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அப்பாவும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம், அந்த மட்டில் குறையில்லை. நீயும் குழந்தை சூ சூவும் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வயிறாரச் சாப்பிட்டு, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்குகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். எந்த ஊரில் என்று நினைக்காமல் எழுதப் பார்க்கிறேன், மனசு அங்கேதான் போய் முட்டுகிறது, இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன். உன் சிநேகிதி சோ சோ இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதித்ததே பெரிது. எப்படிக் கொண்டுபோவாள், யார் கை மாறும், எத்தனை நாளாகும் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், அது என்ன என்று பின்னால் சொல்கிறேன். அவளுக்கே ஆச்சரியம், "என்னம்மா இது, நீங்க கேள்வி கேக்காம இருக்கீங்களே, ஒடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

உன் வலது மணிக்கட்டு எப்படி இருக்கிறது. மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது என்று சோ சோ சொன்னாள். விரல் முழுசாக மடங்குகிறதா, ஊசியில் நூல் கோக்க வருகிறதா, தையல் மிஷின் சக்கரத்தைத் தள்ள முடிகிறதா என்றெல்லாம் கேட்க வேண்டும்போல இருக்கிறது. பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலையும் மாலையும் ஊற வை. கனமான எதையும் அந்தக் கையால் தூக்காதே, குழந்தையை இடது பக்க இடுப்பில் வைத்துக்கொள். அவள் இடுப்பில் உட்காரும் வயசைத் தாண்டிவிட்டாளோ என்னவோ, ஆறு முடிந்துவிட்டதே. என் கண்ணுக்கு அவள் இன்னும் நாலு வயசிலேயே நிற்கிறாள்.

இங்கே குளிர் விலகுகிற தபோட்வே மாசம் பிறந்து, போன பௌர்ணமிக்கு நம் வார்டில் எல்லோரும் சேர்ந்து பெரிய வாணலி வைத்து ஒட்டரிசியும் எள்ளும் தேங்காயும் போட்டுக் கிண்டினார்கள். துடுப்பு போடுகிற வேலை எப்போதும் உன் அப்பாவுடையதுதான், இந்த வருஷம் கூப்பிட வந்தவர்களிடம் தோள் வலி என்று சொல்லிவிட்டார். ஐராவதியில் தண்ணீர் வற்றி நடுவில் மணல் திட்டு தெரிகிறது. சேமியாவில் மீன் குழம்பு ஊற்றித் தருகிற என் மோஹிங்கா கடை வழக்கம்போல காலையில் ஒன்பதரைக்குள் தீர்ந்துவிடுகிறது. குழம்புக்கு விரால் மீன் நல்லதாகக் கிடைப்பதில்லை. முட்டி வலி அப்படியே இருக்கிறது. புதன்கிழமைதோறும் பின்னேரம் ஷ்வேசண்டோ பகோடாவுக்குப் போய், புதன் பின்னேரம் பிறந்த உனக்குரிய ராகு மூலையில் இருக்கிற புத்தர் சிலைக்கு, உன் வயசுக்கு ஒரு கிண்ணம் வீதம் முப்பது கிண்ணம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன். படி ஏற முடியவில்லை, ஆனாலும் லிஃப்டில் போவதில்லை. நோகட்டும் என்றுதான் ஏறுகிறேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும், சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீ சோ சோவிடம் சொல்லி அனுப்பியிருந்தாய், தையல்கடைக்கார டோ செய்ன்தான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று. ரெண்டு வருஷம் தங்க இடம் கொடுத்து, தொழில் கொடுத்து, குழந்தைக்குப் பால்பவுடர் வாங்கிக் கொடுத்த மனுஷி இப்படிச் செய்தாளே என்று நீ அழுதாய் என்றும், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கலோவை விட்டுக் கிளம்பிவிட்டாய் என்றும் சொன்னாள். கலோ என்று இப்போது எழுதலாம், நீதான் அங்கே இல்லையே. மகளே, டோ செய்ன் இல்லை. அந்தப் பாவம் அவள் தலையில் வேண்டாம். உன் புருஷனுக்கு வழி காட்டியது நான். உன்னைப் பெற்ற நான்தான்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே, முழுசாகப் படி. நீ சூ சூவைத் தூக்கிக்கொண்டு மாண்டலேயில் உன் புருஷன் ஜோ ஸின் வீட்டை விட்டு வந்த கையோடு, உன் பழைய ஃபேஸ்புக்கை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தாய், மழைத்தூறல் என்று பெயர் வைத்து, முகம் இல்லாமல், வெறும் இலைப் படத்தோடு. அதில் நானும் சோ சோவும் தவிர ஆள் கிடையாது. அன்றைக்கு நீ எத்தனை தடவை சொன்னாய், "அம்மா, என்னப் பத்தி ஒண்ணும் போட்டுடாதீங்க, மூஞ்சி தெரியலேன்னாலும் போடாதீங்க" என்று. நானும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். உன் முகத்தை நான் போட்டதே இல்லை. ஊர்ப் பெயரும் எழுதியதில்லை, மலைப்பக்கம் என்பதைத் தவிர எனக்கு நீ சொல்லவே இல்லையே. தெரியாத ஊரை நான் எப்படி வெளியே சொல்ல முடியும் என்று நிம்மதியாக இருந்தேன். உன் அம்மாவின் புத்தி அவ்வளவுதான்.

போன மழைக்காலக் கடைசியில், தோதலின் மாசம், உன் பிறந்தநாளுக்கு நீ மடத்தில் பிக்குகளுக்குக் காலை உணவு கொடுத்தாய். போட்டோ அனுப்பு அனுப்பு என்று நான்தான் பிடுங்கினேன். நீயும் மனசு கேட்காமல் ஒன்றே ஒன்று அனுப்பினாய், உன் ரெண்டு கையும், சோற்றுக் கிண்ணமும், பிக்குவின் திருவோடும். "அம்மா மட்டும் பாத்துக்கோங்க" என்று கூடவே எழுதியிருந்தாய். நான் ஒரு நாள் முழுக்க வைத்துவைத்துப் பார்த்தேன். உனக்குத் தெரியும் நம் வழக்கம். ஒரு பிடி சோறு கொடுத்தாலும் வெண்கல மணியைத் தட்டி, எல்லோரும் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கேட்டவர்கள் நன்றாகச் செய்தாய் என்று மனம் குளிர்ந்து சாது சாது சாது என்று மூன்று தடவை சொன்னால்தான் அந்தப் புண்ணியம் நிறைந்த மாதிரி. சொல்லாமல் வைத்துக்கொண்டால் கஞ்சத்தனம் என்று என் அம்மா என் முதுகில் ரெண்டு வைப்பாள். அடி உதை பட்டு, ஊர் பேர் இல்லாமல் ஒளிந்து வாழ்கிற என் மகள் கையால் தானம் நடந்திருக்கிறது, அதற்கு ஒரு மணிகூட அடிக்காமல் இருப்பதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு ஃபேஸ்புக்தான் அந்த மணி. முகம் இல்லையே, ஊர் இல்லையே, வெறும் கைதானே என்று போட்டுவிட்டேன். என் மகள் பிறந்தநாளுக்குச் செய்த தானம், எல்லோரும் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். நூற்று நாற்பது பேர் சாது சொன்னார்கள். அன்றைக்கு ஒரு கரண்டி குழம்பு எல்லோருக்கும் அதிகமாக ஊற்றினேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்த நூற்று நாற்பதில் தம்ம நிழல் என்று ஒரு கணக்கு. அரசிலைப் படம் வைத்திருக்கும். ஒரு வருஷத்துக்கு மேலாக என்னோடு சேர்ந்திருந்தது. தினமும் காலையில் புத்தர் வாக்கு ஒன்று போடும். நான் எதைப் போட்டாலும் முதல் ஆளாக வந்து சாது சாது சாது என்று எழுதும். என் முட்டி வலியைப் பற்றி எழுதியபோது, எந்தத் தைலம் நல்லது என்று விசாரித்துச் சொல்லியது. உன் அப்பாவிடம் காட்டி, "பெத்த புள்ளைகூட இப்படிக் கேக்காது, பாருங்க" என்றேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடாமல், "மூஞ்சி இல்லாதவன் உன் முட்டியப் பத்தி ஏன்டி கவலப்படறான்?" என்றார். குறுக்கே பேசுவதே உங்கள் வேலை என்று சண்டை பிடித்தேன். உன் பிறந்தநாள் போட்டோவுக்குக் கீழே அந்த நிழல் கேட்டது, "எந்த மடம் அம்மா? செத்துப்போன எங்க அம்மா பேர்ல நானும் ஒரு வேளை குடுக்கணும்" என்று. எந்த மடம் என்று தெரியாது தம்பி என்று எழுதினேன். "இனியும் குடுப்பாங்களா?" என்று கேட்டது. அதற்கு நான் எழுதியதை என் கையாலேயே மறுபடி எழுதுகிறேன், நீ படித்துக்கொள். மாசாமாசம் பௌர்ணமிக்கு விடாமல் போவாள் தம்பி, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போவாள், தவறவே மாட்டாள்.

அடுத்த பௌர்ணமி, விளக்குத் திருவிழாப் பௌர்ணமி. பிள்ளைகள் வந்து பெற்றவர்களை மண்டியிட்டுக் கும்பிடுகிற நாள். நான் இங்கே உன் மழைத்தூறல் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, கும்பிட்டு ஒரு வரி எழுதுவாய் என்று உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நீ மடத்தில் சோறு கொடுத்துவிட்டுப் படி இறங்கிவந்து செருப்பைத் தேடினாயாம். குழந்தையின் சிவப்புச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நின்றானாம். "இவ்ளோ வளந்துட்டாளா?" என்று சிரித்தானாம். சோ சோ இதைச் சொல்லும்போது நான் மாவு பிசைந்துகொண்டு இருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. நீ வெறுங்காலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும், அவன் உன் கையைப் பிடித்து முறுக்கியதும், சந்தைக்காரர்கள் வந்து அவனை இழுத்துப் போட்டதும் உனக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டாம். போலீஸ் பிடித்து வைத்தும் நாலு நாளில் வெளியே வந்துவிட்டான். அவன் வருவதற்குள் நீ போய்விட்டாய். மழைத்தூறலும் போய்விட்டது. தொட்டுப் பார்த்தால் இந்தப் பக்கம் இல்லை என்று வருகிறது. இன்னும் தினமும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

அதுவரைக்கும் எனக்கும் தெரியாது மகளே, சத்தியமாகத் தெரியாது. நானும் டோ செய்னைத்தான் வாயில் வந்தபடி திட்டினேன். குளிர் தொடங்கிய நாடோ மாசம் ஒரு நாள் காலையில், கடையில் கூட்டம் ஓய்கிற நேரம், ஜோ ஸின் வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "நல்லா இருக்கீங்களா அத்த? ஒரு கிண்ணம் குடுங்க, உங்க கை ருசிய எங்கயும் பாக்கல" என்றான். அவனுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினேன். அவன் கண் என் மேல் இல்லை, கடைக்குப் பின்னால் நம் வீட்டு வாசலில் இருந்தது. வாசற்படியில் கிடந்த செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தான். என்னுடையது, அப்பாவுடையது, அவ்வளவுதான் என்று பார்த்ததும் முகம் கொஞ்சம் சப்பென்று ஆனது. பிறகு போனை எடுத்து ஏதோ தட்டினான். அதே நொடியில் என் காசுப் பெட்டிக்குள் கிடந்த போன் டிங் என்றது. காலையில் பகோடா போட்டோ ஒன்று போட்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால், தம்ம நிழல், சாது சாது சாது.

நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியிருந்தால் கொதிக்கிற குழம்பை அவன் மேல் கொட்டியிருப்பேன். கொட்டிவிட்டு ஜெயிலுக்குப் போயிருக்கலாம் என்று இப்போதும் சில சமயம் தோன்றுகிறது. ஆனால் நான் கண்டுபிடித்தது அவனுக்குத் தெரியக் கூடாது என்று ஏதோ ஒன்று உள்ளேயிருந்து சொல்லியது. அவன் கிண்ணத்தில் ஒரு சுரைக்காய் பஜ்ஜி அதிகமாக வைத்தேன். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா மாப்பிள்ள?" என்று கேட்டேன். சிரித்தேன்கூட. அவன் போன பிறகு அந்தக் கிண்ணத்தைக் கழுவவில்லை, தெருவில் போட்டு உடைத்தேன்.

பக்கத்தில் போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறாளே வுட் யீ, நாற்பது வயசு, வாய் கொஞ்சம் நீளம், அவளிடம் போய் அழுதேன். அவள் கடையைச் சாத்திவிட்டு என் கணக்கைத் திறந்து கடைசிவரை இழுத்துப் பார்த்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டினாள். சித்திரை வெயிலில் ஊரே வேகும்போது, மகளுக்குக் குளிர்கிறதாம் என்று நான் பின்னிய கம்பளிச் சட்டையைப் போட்டிருக்கிறேன். "குளுருதுன்னு சொல்லிட்டீங்கல்ல, அப்ப மலைதான்" என்றாள். நீ பஸ்ஸில் போட்டு அனுப்பிய வெண்ணெய்ப்பழப் பெட்டியைப் போட்டிருக்கிறேன், அனுப்பியவர் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு. கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு நினைப்பு. பஸ் கம்பெனி சீட்டு பக்கத்தில் பெரிசாக ஒட்டியிருக்கிறது. "இந்த பஸ் போற ரோடு ஒண்ணுதாம்மா" என்றாள். கடைசியாக உன் பிறந்தநாள் போட்டோ. அதை ரெண்டு விரலால் விரித்தாள். உன் கைக்கு மேலே, மூலையில், சுவரில் ஒரு கடிகாரம். நம் ஜனம் ஒரு கடிகாரம் தானம் கொடுத்தால்கூட முகத்திலேயே பெயர் எழுதாமல் கொடுப்பதில்லையே. யாரோ ஒரு குடும்பத்தின் பெயர், கீழே ஏழாம் வார்டு, கலோ. கண்ணாடி போடாத என் கண்ணுக்கு அது மணி காட்டுகிற வட்டம் மட்டும்தான். வுட் யீ போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். மலை என்று நான் சொன்னேன், ரோட்டை நான் காட்டினேன், ஊரையும் வார்டையும் நான் காட்டினேன், எந்த நாளில் வருவாய் என்பதையும் வாயாலேயே சொல்லிவிட்டேன். அவன் போய் நின்றதுதான் பாக்கி.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "உன் புண்ணியத்த நீயே வச்சுக்கடி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சில்லை. நாற்பது வருஷமாக என் கூட இல்லாமல் ஒரு வாய் டீ குடிக்காத மனுஷன், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். உப்பு வேண்டும் என்றால்கூட எழுந்து போய் எடுத்துக்கொண்டார். ஒரு மாசம், ரெண்டு மாசம். நான் குறை சொல்லவில்லை. என்னோடு நானே பேசாமல் இருந்தேன்.

கணக்கை மூடிவிடுங்கள் என்று வுட் யீ சொன்னாள். மூடப் போனேன். விரல் வைக்கிற நேரத்தில் வேறு ஒன்று தோன்றியது. மூடினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துவிடும். வேறு வழியில் தேட ஆரம்பிப்பான். திறந்தே இருந்தால் என்னையேதான் பார்த்துக்கொண்டிருப்பான். இத்தனை நாள் நான் சொன்ன இடத்துக்குத்தானே போனான், இனிமேலும் போகட்டுமே. வுட் யீயின் தங்கையைக் கடலோரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், கருவாடு அனுப்புவாள். அந்தக் கடற்கரை நாலு நாள் நடந்தாலும் முடியாது என்கிறாள். அந்தத் தங்கையை ஒரு மடத்தில் சோறு கொடுக்கிற மாதிரி, கை மட்டும் தெரிய, ஜன்னல் வழியாகத் தென்னை மரம் தெரிய ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்று நானும் அவளும் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். உன் அப்பா ரீசார்ஜ் செய்ய வந்தவர் மாதிரி வந்து நின்றார். எவ்வளவு நேரம் கேட்டாரோ தெரியாது. "வலது மணிக்கட்டுல துணி சுத்தச் சொல்லுடி. ஒடைச்சவன் அவன், அதத்தான் மொதல்ல பாப்பான்" என்றார். ரெண்டு மாசத்துக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் கடையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன், அவரும் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டார். அவர் சொன்னபடியே அந்தத் தங்கை துணி சுற்றி எடுத்தாள். சுவரில் கடிகாரம் இருந்தது, அதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னோம், அந்த மடத்துக்காரர்களுக்கு ஒரு தொந்தரவும் வரக் கூடாது.

ஆனால் போடுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று உறைத்தது. நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதே. நான் சொல்கிற பொய், நீ இருக்கிற இடமாகவே இருந்துவிட்டால்? அதனால்தான் சோ சோவைக் கூப்பிட்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். வாயைத் திறக்காதே, ஊரைச் சொல்லாதே, திசையைச் சொல்லாதே, கடலோரம் இல்லை என்றால் மட்டும் தலையை ஆட்டு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். என் மகளைப் பற்றி இப்போது எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதற்கு மேல் தெரிய வேண்டாம். எனக்குத் தெரிந்தால் எப்படியாவது வெளியே வந்துவிடும், நீ ஒரு பூ அனுப்பினால் அதையும் நாலு பேருக்குக் காட்டுவேன். நான் அப்படிப்பட்டவள். நீயும் எழுதாதே, குரல் அனுப்பாதே, சூ சூ வரைந்த படம்கூட அனுப்பாதே. அனுப்பாதே என்று எழுதுகிற கையை வெட்டிப் போடலாம்போல இருக்கிறது, இருந்தாலும் அனுப்பாதே.

போன வாரம் அதைப் போட்டேன். மகள் புது ஊரில் கொடுத்த தானம், எல்லோரும் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். பாவம், நல்ல ஜனங்கள், நூற்றுக்கு மேல் சாது சொல்லிவிட்டார்கள். முதல் சாது தம்ம நிழலுடையது. "கடல் காத்து ஒடம்புக்கு நல்லது அம்மா. எந்தப் பக்கம்?" என்று கேட்டான். தெரியவில்லை தம்பி, தென்னை மரம் நிறைய இருக்கிறதாம் என்று எழுதினேன். மாண்டலேயில் அவன் கடை அஞ்சு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது என்று சோ சோ விசாரித்துச் சொன்னாள். அலையட்டும். அடுத்த மாசம் வேறு ஒரு மூலையைச் சொல்வேன். ஒவ்வொரு மாசமும் உன் பெயரில் நடக்காத தானத்தை நடந்தது என்று ஊருக்குச் சொல்வேன்.

பஞ்சசீலம் எடுத்தவள், விரத நாளில் உண்மை அல்லாத ஒரு சொல்கூடச் சொல்ல மாட்டேன் என்று பிக்குவின் முன்னால் உட்காருகிறவள், புத்தர் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானத்திலேயே பொய் சொல்கிறேன். இதற்கு எந்த ஜென்மத்தில் என்ன பலன் கிடைக்குமோ தெரியாது, கிடைக்கட்டும். உன் அப்பா அதில் தனக்கும் பாதி என்று சொல்லிப் பார்த்தார், முடியாது என்றுவிட்டேன். நான் இதுவரை செய்த நல்லது எல்லாவற்றிலும் உனக்குப் பங்கு கொடுத்திருக்கிறேன் மகளே, நீ பிறப்பதற்கு முன்னால் செய்ததிலும் கொடுத்திருக்கிறேன். இந்தப் பாவத்தில் மட்டும் யாருக்கும் பங்கு இல்லை. இது முழுசாக எனக்குத்தான்.

மன்னித்துவிடு என்று எழுத மூன்று தடவை பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். நீ மன்னிக்காவிட்டாலும் நான் புரிந்துகொள்வேன். டோ செய்னுக்கு மட்டும் எப்படியாவது ஒரு நல்ல வார்த்தை போய்ச் சேர வழி பார். நீ சொல்ல முடியாவிட்டால் சோ சோ சொல்லட்டும், என் பெயரைச் சொல்லியே சொல்லட்டும், அம்மாக்காரிதான் காட்டிக்கொடுத்தாள் என்று. சாப்பாட்டைக் குறைக்காதே. தனியாக இருக்கிறோம் என்று அழாதே, அழுதாலும் குழந்தைக்குத் தெரியாமல் அழு. பத்துத் திசையிலிருந்தும் வருகிற கெடுதல் உங்கள் ரெண்டு பேரையும் தொடாமல் போகட்டும், உன் கை பழையபடி ஊசி பிடிக்கட்டும், சூ சூ பயமில்லாமல் பள்ளிக்கூடம் போகட்டும். அப்பாவும் நானும் இங்கிருந்து, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல், நாலு பக்கமும் திரும்பி ஆசீர்வாதம் செய்கிறோம்.

இதோடு குழந்தைக்கு ஒரு வெல்வெட் செருப்பு வைத்திருக்கிறேன். அளவு தெரியவில்லை. அவள் இங்கே நம் வீட்டில் விட்டுப்போன பழைய செருப்பை வைத்து, ரெண்டு வருஷத்துக்குக் கட்டைவிரல் அகலம் கூட்டி வாங்கினேன். கடைச் சீட்டைக் கிழித்துவிட்டேன், அடியில் இருந்த கடை முத்திரையையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டேன். கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போடு. வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கொடு. வாசலில் விடாதீர்கள்.

உன் அம்மா